கிளச் வழுக்குகிறது: ஒரு சிறு கருவியின் சமுதாய வரலாறு

நீராவி எஞ்சினின் வரலாறு பள்ளிக்கூடங்களிற் படிப்பிக்கப்படுகின்றது. ஜேம்ஸ் வாட்டின் பெயரைக் கேள்விப்படாத மாணவன் அரியன். ஆனால், எஞ்சினுக்கும் சில்லுக்கும் இடையில் நின்று, ஒன்றன் வேகத்தை மற்றதற்குப் பக்குவமாக ஒப்படைக்கும் கிளச் என்னும் சிற்றுறுப்புக்கு ஒரு வரலாறு உண்டென்று எண்ணுவோர் மிகச் சிலரே. மன்னர்களை எழுதிய வரலாறு குடிகளை மறந்தது போலவே, எஞ்சினைப் போற்றிய வரலாறு இடையில் நின்று தேய்ந்துபோகும் தட்டுக்களை மறந்துவிட்டது. அத்தட்டுக்களை நாம் நினைக்க நேர்ந்ததும் எமது அறிவினால் அன்று, எமது அறியாமையினாலேயே.

சென்ற சோளகக் காலத்தில் ஒருநாள், விடைத்தாட் கட்டொன்றைப் பின்னாற் கட்டிக்கொண்டு, எமது பழைய சிறு மோட்டார் சைக்கிளிற் பண்ணைப் பாலத்தினூடாக வேலணைப் பக்கம் சென்றுகொண்டிருந்தோம். எதிர்க்காற்று வலுத்தது. கைப்பிடியை முறுக்கினோம். எஞ்சின் இரைந்தது, வண்டியோ முன்னேறவில்லை. மேலும் முறுக்க, இரைச்சல் இன்னும் பெருகியது; வேகம் குறைந்தது. கரிந்த எண்ணெயின் நாற்றம் மூக்கிற் பட்டது. பின்னால் வந்த மீனவர் ஒருவர் தமது துவிச்சக்கர வண்டியில் எம்மை முந்திச் சென்றார். எஞ்சின் பிறப்பித்த சக்தி முழுவதும் சில்லைச் சென்றடையாமல், இடையிலேயே வெப்பமாகி வீணாகிக்கொண்டிருந்தது. கிளச் வழுக்குகிறது என்பது இதுதான்.

நாம் தமிழ் படிப்பிப்பவர்கள். பொறியியல் எமது துறையன்று. ஆயினும், நாம் நாளாந்தம் ஏறிச் செல்லும் ஒரு கருவியின் உள்ளே என்ன நிகழ்கின்றது என்பதை அறியாதிருத்தல் கற்றோர்க்குப் பெருமையாகாது. ஆகவே சிறிது விளக்க முற்படுவோம்.

எரிபொருள் எஞ்சின் நின்ற நிலையிலிருந்து சுமையை இழுக்க வல்லதன்று. ஒரு குறித்த வேகத்திற்குக் கீழே அது அணைந்துவிடும். சில்லோ அசைவற்ற நிலையிலிருந்தே புறப்படவேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றையும் நின்றுகொண்டிருக்கும் ஒன்றையும் சடுதியாகப் பிணைத்தால், ஒன்று எஞ்சின் நிற்கும், அல்லது உறுப்பு முறியும். இவற்றைப் படிப்படியாகப் பிணைப்பதே கிளச்சின் வேலை. உராய்வுப் பொருள் ஒட்டிய தட்டுக்களும் வெறும் உருக்குத் தட்டுக்களும் ஒன்றுவிட்டு ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். ஒரு கூட்டம் எஞ்சினோடும் மற்றக் கூட்டம் கியர்ப் பெட்டியோடும் சுழலும். அவை நெருக்கப்படும்போது முதலிற் சிறிது வழுக்கி, பின்னர் இறுகப் பற்றி ஒன்றாகச் சுழலும். உராய்வுத் தட்டுக்கள் மூன்றாயின், பற்றும் பரப்புக்கள் ஆறு. பல தட்டுக்களை அடுக்குவதால், உள்ளங்கை அளவு இடத்திலேயே போதிய பிடியைப் பெற முடிகின்றது. புறப்படும்போது வழுக்கல் வேண்டும்; புறப்பட்ட பின்னர் வழுக்கல் ஆகாது. இவ்விரண்டு தேவைகளையும் ஒரே உறுப்பு நிறைவேற்றவேண்டும் என்பதே இதன் சிக்கல்.

இச்சிக்கலைத் தொடக்ககால மோட்டார் சைக்கிள்கள் தீர்க்கவில்லை. 1885இல் டைம்லரும் மேபாக்கும் ஜேர்மனியிற் செய்த மரச்சட்ட வண்டி, வார்ப்பட்டையின் துணையால் ஓடியது. தொகையாக உற்பத்தி செய்யப்பட்ட முதல் மோட்டார் சைக்கிள் எனக் கருதப்படுவது, 1894இல் மூனிச் நகரில் வெளிவந்த ஹில்டபிராண்ட்–வுல்ஃப்மியுல்லர் வண்டியாகும். அதன் எஞ்சினின் தண்டுகள் நேரே பின்சில்லோடு பொருத்தப்பட்டிருந்தன. கிளச் என்பதே இல்லை. சில்லு நின்றால் எஞ்சினும் நின்றது. அதன் பின்னரும் பல ஆண்டுகளாக, வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடி, எஞ்சின் பற்றியவுடன் பாய்ந்து ஏறவேண்டியதே ஓட்டுநரின் நிலை. மழை பெய்தால் தோற்பட்டை வழுக்கும். மேடு வந்தால் இறங்கித் தள்ளவேண்டும். உடல் வலுவும் ஓய்வு நேரமும் பணமும் ஒருங்கே வாய்த்தவர்க்கே அது உரியதாயிருந்தது. தொழிலாளி ஒருவன் வேலைக்குச் செல்வதற்கு நம்பக்கூடிய வண்டியாக அது இருக்கவில்லை.

மாற்றத்தை விரைவுபடுத்தியது ஒரு மலையாகும். 1911ஆம் ஆண்டு மான் தீவின் புகழ்பெற்ற பந்தயம் சினேஃபெல் மலைப் பாதைக்கு மாற்றப்பட்டது. ஒரே கியரும் வார்ப்பட்டையும் அம்மலைக்குப் போதவில்லை. அவ்வாண்டு பெரும்பந்தயத்தின் முதல் மூன்று இடங்களையும், சங்கிலி இணைப்பும் இரண்டு கியர்களும் கொண்ட 'இந்தியன்' என்னும் அமெரிக்க வண்டிகளே வென்றன. கியர் மாற்றுவதாயின், மாற்றும் கணத்தில் எஞ்சினைப் பிரித்துவைக்க வேண்டும். ஆகவே கியர் பெருகப் பெருகக் கிளச்சின் தேவையும் பெருகியது.

தட்டில் ஒட்டப்படும் பொருள் எது என்பது அடுத்த வினா. மரத்தக்கைத் துண்டுகளைப் பதித்த தட்டுக்கள் பிரித்தானிய மோட்டார் சைக்கிள்களில் நெடுங்காலம் வழங்கின. மறுபுறம், உராய்வுப் பொருளே தனியொரு கைத்தொழிலாயிற்று. அதன் தொடக்கம் நினைக்கத்தக்கது. இங்கிலாந்தின் டார்பிசயர் மலைப்பாதைகளிற் குதிரை வண்டிக்காரர்கள், இறக்கத்தில் வண்டி ஓடிவிடாதிருக்கப் பழைய சப்பாத்தொன்றைச் சில்லில் அழுத்திப் பிடிப்பதை ஹேபேட் ஃபுறூட் என்பவர் கண்டார். அதிலிருந்தே 1897இல் அவரது தடுப்புப்பட்டைத் தொழில் பிறந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அத்தொழில் அஸ்பெஸ்டஸ் நாரைத் தழுவிக்கொண்டது. பெயரற்ற வண்டிக்காரரின் அனுபவ அறிவு ஒரு பெருந்தொழிலின் மூலதனமாயிற்று. கண்டுபிடிப்பாளரின் திறமையை நாம் குறைத்துரைக்கவில்லை. அவர் யாரைப் பார்த்துக் கற்றார் என்பதையும் சேர்த்து எழுதுக என்றே கேட்கின்றோம்.

அஸ்பெஸ்டஸ் வெப்பத்தைத் தாங்கும், நன்கு பற்றும், மலிவானது. ஆனால் அதன் தூசு மனித நுரையீரலை அரித்துவிடும். இங்கிலாந்தின் ரொச்டேல் நகரில் அந்நாரை நூற்ற நெல்லி கேர்சோ என்னும் தொழிலாளப் பெண் 1924இல், தமது 33ஆவது வயதில் மாண்டார். அவரது மரணமே இந்நோயினால் நிகழ்ந்ததென மருத்துவ இதழில் முதன்முதல் விவரிக்கப்பட்டது. அவரை வேலைக்கு அமர்த்திய நிறுவனம் இழப்பீடு எதுவும் வழங்கவில்லை. 1931இலேயே பிரித்தானியாவில் தூசுக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. முழுத் தடை வந்ததோ 1999இல். இடைப்பட்ட ஏறத்தாழ எழுபது ஆண்டுகளில், தடுப்புப்பட்டைகளும் கிளச்சுத் தட்டுக்களும் உலகெங்கும் அந்நாரைச் சுமந்து சென்றன. தடுப்பு உருளையைக் கழற்றி அதன் தூசியை வாயால் ஊதித் துடைத்த கராஜ் தொழிலாளி, தான் எதை ஊதுகின்றான் என்பதை அறிந்திருக்கவில்லை.

இது எங்கோ நிகழ்ந்த கதை என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. 2018 ஜனவரி முதல் அஸ்பெஸ்டஸ் இறக்குமதியைக் கட்டுப்படுத்த இலங்கை அரசு முடிவு செய்திருந்தது. 2017 டிசெம்பரில், தேயிலைப் பொதியொன்றில் வண்டு காணப்பட்டதெனக் கூறி, எமக்கு அஸ்பெஸ்டஸ் விற்கும் ரஷ்யா இலங்கைத் தேயிலையின் இறக்குமதியை இடைநிறுத்தியது. எமது அரசு கட்டுப்பாட்டைக் கைவிட்டது. தேயிலைக்கு வழி திறந்தது. மலையகத் தொழிலாளி பறித்த கொழுந்து ஒரு தட்டிலும், கூரைத்தகடு அறுக்கும் தொழிலாளியின் நுரையீரல் மறு தட்டிலும் வைத்து நிறுக்கப்பட்டன. தராசைப் பிடித்தவர்கள் இவ்விருவரில் எவருமல்லர்.

இனிச் சிறு மோட்டார் சைக்கிளின் கதைக்கு வருவோம். ஜேர்மனியின் சாக்சனி மாநிலத்திலுள்ள சொப்பாவ் என்னும் சிறு நகரில் டி.கே.டபிள்யூ. தொழிற்சாலை இருந்தது. அங்கே ஹேர்மன் வேபர் என்னும் பொறியியலாளர் வகுத்த ஆர்.ரி. 125 என்ற வண்டி 1939இல் தோன்றியது. எளிய ஈரடிப்பு எஞ்சின், மூன்று கியர்கள், எண்ணெயில் இயங்கும் பல தட்டுக் கிளச். இவையனைத்தும் ஒரே சிறு கூட்டினுள் அடங்கின. போர் முடிந்ததும், தோற்ற நாட்டின் அறிவு வென்றோரின் சொத்தாயிற்று. 1946இல் சோவியத் ஒன்றியம் அதனை 'மொஸ்க்வா' என்ற பெயரில் உற்பத்தி செய்தது. இங்கிலாந்து 1948இற் 'பன்ரம்' என்றது. இடமும் வலமும் மாறியதைத் தவிர அமைப்பு அதுவே. அமெரிக்காவின் ஹார்லி டேவிட்சனும் அதனையே தழுவியது. 1955இல், வாத்தியக் கருவிகள் செய்துவந்த யப்பானிய நிறுவனமொன்று தனது முதல் மோட்டார் சைக்கிளை இதே மாதிரியில் அமைத்தது. அதுதான் யமஹா.

காப்புரிமை என்னும் வேலி தகர்ந்தபோது, ஒரே எளிய வடிவம் முதலாளித்துவ நாட்டிலும் சோசலிச நாட்டிலும் ஒருங்கே சாதாரண மக்களின் வாகனமாயிற்று என்பது மனங்கொளத்தக்கது. ஆனால் இதனைப் பொன்னுலகக் கதையாக எழுதிவிடலும் நேர்மையாகாது. டி.கே.டபிள்யூ. அடங்கியிருந்த ஓட்டோ யூனியன் நிறுவனம், போர்க்காலத்தில் வதைமுகாம் கைதிகளின் கட்டாய உழைப்பைப் பயன்படுத்தியமையை 2014இல் வெளிவந்த ஆய்வு விரிவாக வெளிப்படுத்தியது. வண்டியை வகுத்த வேபரோ சோவியத் ஒன்றியத்திற்குக் கொண்டு செல்லப்பட்டு, 1948இல் அங்கேயே காலமானார். அறிவு எல்லை கடந்தது உண்மை. அதைக் கடத்தியது தோழமையன்று, போரே என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே நாம் கற்கவேண்டும்.

அடுத்த திருப்பம் யப்பானில் நிகழ்ந்தது. 1958 ஆகஸ்டில் ஹொண்டா நிறுவனம் 'சுப்பர் கப்' என்னும் 50 சீ.சீ. வண்டியை 55,000 யென் விலைக்கு வெளியிட்டது. பொறியை வகுத்தவர் சொயிச்சிரோ ஹொண்டா. எத்தகைய வண்டி மக்களுக்கு வேண்டும் என்று வகுத்துரைத்தவர் அவரது பங்காளியான தக்கேயோ ஃபுஜிசாவா. சோபா என்னும் நூடில்ஸ் உணவைக் கடையிலிருந்து வீடுகளுக்குக் கொண்டு செல்லும் பையன் ஒரு கையில் தட்டைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் ஓட்டக்கூடியதாக வண்டி இருக்கவேண்டும் என்று கருதப்பட்டதாகச் சொல்லப்படுகின்றது. அதனால் இடது கைக்குரிய கிளச் நெம்பு நீக்கப்பட்டது. எஞ்சின் மெல்லச் சுழலும்போது தட்டுக்கள் விலகி நிற்கும். வேகம் கூடும்போது, உள்ளேயுள்ள எடைகள் மையநீக்க விசையால் வெளியே தள்ளப்பட்டுத் தட்டுக்களை நெருக்கும். கியர் மாற்றக் காலால் மிதித்தால், அம்மிதியே தட்டுக்களைச் சிறிது விலக்கிவிடும். கிளச் மறையவில்லை, அதை இயக்கும் திறமை கையிலிருந்து கருவிக்கு மாறியது. 2017ஆம் ஆண்டளவில் இவ்வினத்தின் மொத்த உற்பத்தி 10 கோடியைத் தாண்டியது.

இதனால் எத்தனையோ பேர் பயனடைந்தனர். ஓட்டப் பழகுவது எளிதாயிற்று. சேலையோ சாரமோ உடுத்தவரும் ஏறக்கூடியதாயிற்று. ஆனால் வரலாற்று மாணவன் மேலும் ஒரு கேள்வியைக் கேட்கவேண்டும். விடுவிக்கப்பட்ட அந்த இடது கை யாருக்காக விடுவிக்கப்பட்டது? பையன் இளைப்பாறுவதற்காக அன்று. இன்னொரு தட்டைச் சுமப்பதற்காக. இன்று கொழும்பு வீதிகளில் உணவுப் பொதி சுமந்து பறக்கும் இளைஞர்களைப் பாருங்கள். அவர்களது கண் கைத்தொலைபேசியின் செயலியிற் பதிந்திருக்கிறது. அவர்களைத் தொழிலாளர் என்று அழைப்பதில்லை. 'பங்காளர்' என்று அழைக்கின்றனர். பெற்றோலும் அவர்களது செலவு. தேயும் கிளச்சுத் தட்டும் அவர்களது செலவு. கருவி உழைப்பை எளிதாக்குகின்றது; எளிதாக்கப்பட்ட உழைப்பின் பயன் எவரைச் சேர்கின்றது என்பதைக் கருவி தீர்மானிப்பதில்லை.

எமது மண்ணிலும் அவ்வண்டியின் வழித்தோன்றல் ஒன்று தனக்கென ஓர் இடத்தைப் பெற்றது. யப்பானியத் தபாற்காரர்களுக்கெனச் செய்யப்பட்ட ஹொண்டா 'எம்.டி. 90' யாழ்ப்பாணத்தில் வீட்டுச் சொல்லாக வழங்கியது. 1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டபின், பெற்றோலும் மின்கலமும் உட்படப் பல பொருட்கள் வடக்கிற்கு வருவது தடைப்பட்டது. அக்காலத்தில் நாம் கைக்குழந்தைகள். மூத்தோர் கூறக் கேட்டதே மிகுதி. சிறிதளவு பெற்றோலை விட்டு எஞ்சினை இயக்கி, சூடேறிய பின் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். வீதியெங்கும் புகை. எரியாத மண்ணெண்ணெய் எஞ்சின் எண்ணெயுடன் கலந்து அதை நீர்க்கச் செய்தது. அதே எண்ணெயிலேதான் கிளச்சுத் தட்டுக்களும் தோய்ந்து கிடந்தன. புதிய உறுப்பு வாராது. இரண்டு பழைய வண்டிகளைப் பிரித்து ஒன்றை ஓடவைக்க வேண்டும். கையேடு வாசித்தறியாத கராஜ் தொழிலாளர்கள் அதைச் செய்தனர். நோயாளியும் ஆசிரியரும் மணமக்களும் அவ்வண்டிகளிற் பயணம் செய்தனர். அவர்களது அறிவு எந்த நூலிலும் ஏறவில்லை. துன்பத்தை நாம் கொண்டாட விரும்பவில்லை. அத்துன்பத்தில் ஒரு சமுதாயத்தைத் தாங்கியவர்கள் எவர் என்பதைப் பதிவு செய்யவே விரும்புகின்றோம்.

பண்ணைப் பாலத்தில் வழுக்கிய எமது வண்டியும் அவ்வினத்ததே. அதைத் தள்ளிக்கொண்டு ஒரு சிறு கராஜை அடைந்தோம். கரி படிந்த கைகளோடு வெளியே வந்தவன் எமது பழைய மாணவன். க.பொ.த. சாதாரண தரத்திற் கணிதம் சித்தியெய்தாமையால் பள்ளியை விட்டு விலகியவன். "இவனுக்குப் படிப்பு ஏறாது" என்று ஆசிரியர் அறையிற் கூறப்பட்டபோது, நாமும் அங்கே தலையசைத்தவர்களே.

அவன் உடனே எதையும் கழற்றவில்லை. வண்டியைச் சிறிது தூரம் ஓட்டிப் பார்த்தான். பின்னர் வலப்பக்க மூடியிலுள்ள சிறு திருகாணியின் பூட்டு நட்டைத் தளர்த்தினான். திருகாணியை வலஞ்சுழியாக ஒரு சுற்றுத் திருப்பி, பின் இடஞ்சுழியாக மெதுவாகத் திருப்பி, விரலுக்குச் சிறு தடை தென்பட்ட இடத்தில் நிறுத்தி, அங்கிருந்து எட்டிலொரு சுற்று மீண்டும் வலஞ்சுழியாக்கி நட்டை இறுக்கினான். இச்சிறு இடைவெளி இல்லாவிடின், மிதியை மிதிக்காத வேளையிலும் தட்டுக்கள் சற்றே விலகி நிற்கும். அவை எவ்வாறு பற்றும்? மறுபடி ஓட்டினான். வழுக்கல் குறைந்தது, நீங்கவில்லை. எண்ணெயைத் தொட்டு முகர்ந்து கேட்டான்:

"சேர், என்ன ஒயில் விட்டனீங்கள்?"

விலை உயர்ந்ததாகப் பார்த்து நாமே வாங்கி ஊற்றியதைச் சொன்னோம்.

"அது காருக்கு விடுறது சேர். ரின்னில எம்.ஏ. எண்டு போட்டிருக்கோ எண்டு பாக்கேல்லையே?"

கார் எண்ணெய் பலவற்றில் உராய்வைக் குறைக்கும் சேர்க்கைகள் உண்டு. காரின் கிளச் பெரும்பாலும் எண்ணெய் படாத தனியறையில் இருப்பதால் அங்கே தீங்கில்லை. எண்ணெயிலேயே தோயும் எமது தட்டுக்களுக்கோ அவை பிடியைக் கெடுப்பன. இதற்கெனவே யப்பானியர் 1998இல் மோட்டார் சைக்கிள் எண்ணெய்க்குத் தனி நியமமொன்றை வகுத்தனர், 'எம்.ஏ.' என்பது அந்நியமத்தின் குறி. எழுத்தறிவித்து வாழும் நாம் தகரத்தின் எழுத்தை வாசிக்கவில்லை. படிப்பு ஏறாதென்று நாம் ஒதுக்கியவன் வாசித்திருந்தான்.

அவன் பழைய எண்ணெயை வடித்து மூடியைத் திறந்தான். உராய்வுத் தட்டுக்களின் தடிப்பை வேணியர் இடுக்கியால் அளந்தான், தேய்ந்திருந்தன. உருக்குத் தட்டுக்களைக் கண்ணாடி மேல் வைத்து, வளைந்துள்ளனவா என்று பார்த்தான். அவை செம்மையாகவே இருந்தன. "ஒயில் மாத்தினா மட்டும் காணாது சேர், பிளேற்றும் மாத்தவேணும்" என்றான். புதிய தட்டுக்களை எண்ணெயில் ஊறவைத்தே பூட்டினான். உலர்ந்தபடி பூட்டினால் முதல் ஓட்டத்திலேயே கருகிவிடும் என்றான். மூடியின் திருகாணிகளை எதிரெதிராக, சிறிது சிறிதாக இறுக்கினான். ஒருபக்கமாக இறுக்கினால் மூடி கோணும். தசம தானங்களில் அளந்து, பின்னங்களாற் சுற்றைக் கணித்து, காரணத்தையும் விளைவையும் ஒவ்வொன்றாக விலக்கிச் சென்றான். இது கணிதமன்றாயின், வேறு எது கணிதம்?

பின்வழியிற் காற்று இன்னும் ஓயவில்லை, வண்டி இழுத்தது. எமது மனமோ ஆசிரியர் அறையிற் கிடந்தது. உராய்வு விசை பற்றிய சூத்திரத்தை அவன் எமது பள்ளியிலேதான் கேட்டான். அச்சூத்திரத்திற்கும் அவனது கைக்கும் இடையே எதையும் நாம் வைக்கவில்லை. பிள்ளை நின்ற நிலையிலிருந்து புறப்படுபவன். பாடத்திட்டமோ முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருப்பது. இடையில் நின்று, சிறிது வழுக்கி, பொறுத்து, பின் இறுகப் பற்றவேண்டியவன் ஆசிரியன். அவன் தேய்வான், தேய்வது அவன் தொழில். ஆனால் பற்றாமலே தேய்வானாயின், எஞ்சினின் இரைச்சல் மட்டுமே மிஞ்சும். விழாக்களும் பெறுபேற்றுப் பதாகைகளும் எமது பள்ளிகளில் நிறைய இரைகின்றன. சில்லு எவ்வளவு சுழல்கின்றது என்பதைச் சாதாரண தரத்தோடு வெளியேறிய பிள்ளைகளின் வாசலிற் சென்றே அறியவேண்டும்.

அடுத்த தவணையில் அவனை எமது வகுப்பிற்கு அழைத்திருக்கின்றோம், மாணவனாக அன்று. கழற்றிய பழைய தட்டுக்களையும் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கின்றான். அவன் பேச, மாணவர் அதைக் கட்டுரையாக எழுதுவர். கராஜின் அறிவு நூலில் ஏறவேண்டுமாயின், எழுதும் கை அதற்கு முதலிற் பழகவேண்டும். வருவதற்கு அவன் ஒரு நிபந்தனை மட்டும் விதித்தான்: அன்றைய அரைநாட் கூலியை அவன் இழக்கலாகாது. அது நியாயமான நிபந்தனை, நாம் ஏற்றுக்கொண்டோம்.